வலி நின்ற பல்லைத்தான் கவனிக்க வேண்டும்

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்கும் பல் வைத்தியம் நடந்திருக்கிறது. மாமியாருக்கு நீண்டகாலச் சர்க்கரை, அதனால் ஈறு கெட்டு ஆட்டம் கண்ட பற்கள். எனக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ரூட் கேனால், அதாவது பல்லைத் திறந்து வேர்வரை சுத்தம் செய்து அடைக்கும் வைத்தியம். மகளுக்கு ஆறு வயதில் முளைத்த பல்லில் கறுப்புக் கோடு. மூன்று பேரையும் தஞ்சாவூரில் ஒரே டாக்டரம்மாதான் பார்த்தார். எத்தனை கேள்வி கேட்டாலும் சலித்துக்கொள்ளாமல், எக்ஸ்ரேயைத் திரையில் காட்டிப் பதில் சொல்கிறவர். இப்போது தெருவில் யாருக்குப் பல் வலி என்றாலும், "என்னக்கா பண்ணலாம்?" என்று என்னிடம் வருகிறார்கள். நான் டாக்டர் இல்லை. முதலில் போய்க் காட்டுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் போவதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டியது, நாற்காலியில் உட்கார்ந்தபின் கேட்க வேண்டியது, வீட்டுக்கு வந்தபின் செய்யக்கூடாதது என்று நிறைய இருக்கிறது. அதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. பல் விஷயத்தில் வலியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வலி ஆரம்பிக்கும்போதே சொத்தை வெகுதூரம் போயிருக்கும். ராத்திரியெல்லாம் துடிக்கவைத்த வலி ஒருநாள் தானாக நின்றுவிட்டால், பெரும்பாலும் பல் பிழைத்துவிட்டது என்று அர்த்தமில்லை, உள்ளே நரம்பு செத்துவிட்டது என்று அர்த்தம்.

காரணம் பல்லின் அமைப்பில் இருக்கிறது. வெளியே தெரியும் வெள்ளைப் பகுதி எனாமல். உடம்பிலேயே கெட்டியான பொருள் அதுதான். ஆனால் அதில் நரம்பும் இல்லை, ரத்த ஓட்டமும் இல்லை. நாம் சாப்பிடும் சர்க்கரையை வாயிலிருக்கும் கிருமிகள் அமிலமாக்கி, அந்த அமிலம் எனாமலைக் கரைத்துக்கொண்டு போகும்போது நமக்கு ஒன்றுமே தெரியாது. எனாமலைத் தாண்டி உள்ளிருக்கும் டென்டின் வரை சொத்தை இறங்கிய பிறகுதான் ஜில்லென்று தண்ணீர் குடித்தால் சுரீர் என்கிறது. அதற்கும் உள்ளே, பல்லின் நடுவில், நரம்பும் ரத்தக் குழாயும் சேர்ந்த மிருதுவான சதை இருக்கிறது. கிருமி அதைத் தொட்டால் அது வீங்கும். கையில் அடிபட்டால் வீங்க இடமுண்டு. பல்லுக்குள் சுற்றிலும் கெட்டியான சுவர். வீங்க இடமில்லாமல் நரம்பு நசுங்குவதால்தான் அந்த வலி. படுத்தால் தலைப்பக்கம் ரத்த அழுத்தம் கூடுவதால் ராத்திரியில் இன்னும் அதிகம்.

சில நாளில் அந்தச் சதை செத்துப்போகும். வலி நிற்கும். "சரியாப்போச்சு, இனி எதுக்கு டாக்டருக்குத் தண்டம்?" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். கிருமிகள் அதே இடத்தில் உட்கார்ந்து, வேரின் நுனி வழியாக இறங்கி, தாடை எலும்பை அரித்துக்கொண்டிருக்கும். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஒன்றும் தெரியாது. ஈறில் ஒரு சின்னக் கொப்புளம் வந்து சீழ் வடிந்து மறுபடி மூடிக்கொள்ளும். அல்லது ஒருநாள் காலையில் கன்னம் வீங்கியிருக்கும்.

எங்கள் பகுதியில் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. கீழ்க் கடைவாயில் வலி வந்து, போய், அவரும் மறந்துவிட்டார். பிறகு ஒருநாள் தாடைக்கு அடியில் வீக்கம், காய்ச்சல். மறுநாள் வாயைத் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சேர்த்து, கழுத்தில் கீறி சீழை வெளியேற்றினார்கள். கீழ்ப் பல்லின் கிருமி நாக்குக்கு அடியில் பரவினால் மூச்சுக்குழாயையே அடைத்துவிடும் என்று அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. தாடைக்கு அடியில் வீக்கம், காய்ச்சல், விழுங்குவதில் சிரமம், வாய் திறக்க முடியாமை என்று இவை சேர்ந்து வந்தால் கிளினிக் திறக்கும் நேரத்துக்குக் காத்திருக்காதீர்கள். நேராகப் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

வலி வந்தவுடன் நாம் செய்யும் காரியங்களையும் சொல்ல வேண்டும். கிராம்பு வைப்பதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. அதிலுள்ள எண்ணெய் கொஞ்ச நேரம் மரத்துப்போகச் செய்யும். ஆனால் கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து ஈறோடு அழுத்தி வைத்தால் ஈறு வெந்து வெளுத்துவிடும். எருக்கம்பால் வைக்கிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். அது கன்னத்தின் உட்தோலைப் புண்ணாக்கும். கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டுப் புகை பிடித்தால் பல்லிலிருந்து புழு விழும் என்பார்கள். சொத்தையில் புழுவே கிடையாது. கண்ணுக்குத் தெரியாத கிருமிதான். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லுக்குப் பக்கத்தில் அடக்கிக்கொள்வதும் அதே புண்ணில்தான் முடியும்.

இவற்றையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் செட் மாத்திரை. வலி மாத்திரை ஒன்று, ஆன்டிபயாடிக் ஒன்று, வயிற்றுக்கு ஒன்று என்று பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். ரெண்டு வேளை போட்டதும் வலி குறைகிறது, மீதியை நிறுத்திவிடுகிறோம். செத்துப்போன பல்லுக்குள் ரத்த ஓட்டமே இல்லாதபோது, ரத்தத்தில் கலக்கும் ஆன்டிபயாடிக் அதற்குள் எப்படிப் போகும்? வெளியே பரவியதைக் கட்டுப்படுத்தும். பல்லுக்குள் இருக்கும் மூலத்தைத் தொடாது. பல்லைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும், இல்லையென்றால் எடுக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. இன்னொன்று: பல் வலிக்கு அடிக்கடி எழுதப்படும் மெட்ரோனிடசோல் என்ற மாத்திரையோடு மது சேர்ந்தால் வாந்தி, படபடப்பு என்று உடம்பு படாதபாடு படும். குடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும்.

ரூட் கேனாலைப் பற்றிப் பயமுறுத்தும் கதைகள் நிறைய. எனக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன். முதலில் எக்ஸ்ரே. சின்னத் தகடு ஒன்றைப் பல்லுக்கு உள்பக்கம் வைத்து எடுப்பது. இதில் கதிர்வீச்சு மிகக் குறைவு. திரையில் என் பல்லின் இரண்டு வேர்களும், ஒரு வேர் நுனியில் எலும்பு கரைந்து கறுப்பாகத் தெரிந்த வட்டமும் தெளிவாகத் தெரிந்தன. அப்புறம் மரத்துப்போகும் ஊசி. கீழ்க் கடைவாய்க்குப் போடும் ஊசியைப் பல்லுக்குப் பக்கத்தில் போடுவதில்லை. வாயின் பின்மூலையில், தாடைக்குள் நரம்பு நுழையும் இடத்தருகே போடுவார்கள். அந்தப் பக்கத்து உதடு, நாக்கில் பாதி எல்லாம் தடித்துக்கொண்டே போவதுபோல் இருக்கும். உதட்டின் நடுக்கோடு வரை மரத்திருக்கிறதா என்று டாக்டர் கேட்பார், உண்மையைச் சொல்லுங்கள். சீழ் பிடித்து வலி உச்சத்தில் இருக்கும்போது மருந்து சரியாகப் பிடிக்காது, அந்த இடத்துச் சதை அமிலத்தன்மையோடு இருப்பதுதான் காரணம். "ரூட் கேனால் உயிர் போற வலி" என்று சொல்கிறவர்களில் பலர் அந்தக் கட்டத்தில் போனவர்கள்தான். வலி இல்லாத நாளில் போனால் அனுபவமே வேறு.

பிறகு பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பை மாட்டினார். அந்த ஒரு பல் மட்டும் வெளியே நிற்க, மீதி வாய் முழுவதும் மூடிவிடும். எச்சில் உள்ளே போகாது, கருவியோ மருந்தோ தொண்டைக்குள் விழாது. எல்லா இடத்திலும் இதை மாட்டுவதில்லை. "ரப்பர் டேம் போடுவீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள்; போடுகிற இடம் கிடைத்தால் அங்கேயே செய்துகொள்ளலாம். மேலே துளைபோட்டு, தலைமுடி அளவு மெல்லிய கம்பிகளை ஒவ்வொன்றாக வேர்க் குழாய்க்குள் இறக்கிச் சுரண்டுகிறார்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வேர் இரண்டானாலும் குழாய் பெரும்பாலும் மூன்று. ஒரு சின்ன மின்கருவி பீப் பீப் என்று ஒலிக்கும். கம்பி வேர் நுனியை நெருங்குவதை அதன் சத்தம் சொல்லும். நடுநடுவே ப்ளீச்சிங் பவுடர் வாசனையோடு ஒரு மருந்தைப் பீய்ச்சிக் கழுவினார். கிருமியைக் கொன்று, செத்த சதையைக் கரைத்து எடுப்பது அதுதான். கம்பி போய்த் தொட முடியாத இடுக்கெல்லாம் அந்த மருந்துதான் போகும். கடைசியில் கட்டா பெர்ச்சா என்ற, மரப்பாலிலிருந்து எடுக்கும் இளஞ்சிவப்புப் பொருளால் குழாய்களை நுனிவரை அடைத்தார். என் பல்லில் சீழ் இருந்ததால் ஒரே தடவையில் முடிக்காமல் உள்ளே மருந்து வைத்து மூடி, அடுத்த வாரம் வரச் சொன்னார். சீழ் இல்லாத பல்லை ஒரே உட்காரலில் முடிப்பதும் உண்டு.

நடுவில் வலித்தால் இடது கையைத் தூக்குங்கள் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். ஒருமுறை தூக்கினேன், உடனே நிறுத்தி இன்னும் கொஞ்சம் மருந்து போட்டார். எந்த டாக்டரிடம் போனாலும் ஆரம்பத்திலேயே இந்த ஏற்பாட்டைப் பேசிக்கொள்ளுங்கள். வாயைத் திறந்துகொண்டு பேச முடியாமல் படுத்திருக்கும் பயம் அதில் பாதி போய்விடும்.

முடிந்த பிறகு சில நாள் கடித்தால் லேசாக வலிப்பது இயல்பு. நாளுக்கு நாள் வலி கூடினாலோ வீக்கம் வந்தாலோ திரும்பிப் போக வேண்டும். மரத்தது தெளியும்வரை சூடாக எதையும் குடிக்காதீர்கள். குழந்தைகள் மரத்த உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள், பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து கேப், அதாவது பல்லின்மேல் மாட்டும் உறை. ரூட் கேனால் செய்த கடைவாய்ப் பல்லுக்குக் கேப் அவசியமா, காசுக்காகச் சொல்கிறார்களா என்று பலர் கேட்கிறார்கள். அவசியம்தான். சொத்தையைச் சுரண்டி, மேலே துளைபோட்டு, பல்லின் பாதி ஏற்கெனவே போயிருக்கும். மீதிச் சுவர் முறுக்கைக் கடிக்கும்போது செங்குத்தாகப் பிளந்தால் பல்லை எடுப்பதைத் தவிர வழியில்லை; செலவழித்த ரூட் கேனாலும் வீண். முன்பல்லில் அதிகம் சேதமில்லை என்றால் சில சமயம் வெறும் அடைப்பே போதும். உலோகக் கேப் விலை குறைவு, உறுதி, ஆனால் நிறம் தெரியும். உலோகத்தின்மேல் செராமிக் பூசியது நடுத்தரம். சிர்கோனியா பல் நிறத்திலும் உறுதியாகவும் இருக்கும், விலை கூடுதல். யாருக்கும் தெரியாத கடைசிக் கடைவாய்ப் பல்லுக்கு உலோகக் கேப்பே தாராளமாகப் போதும் என்பது என் எண்ணம். ஆரம்பத்திலேயே கேளுங்கள்: "நீங்க சொல்ற தொகையில கேப் சேர்ந்திருக்கா, தனியா?" இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால்தான் பாதி வைத்தியத்தில் நிற்கிறவர்கள் நிறையப் பேர்.

அத்தையின், அதாவது என் மாமியாரின், கதை வேறு. அவருக்குச் சொத்தை குறைவு, ஈறுதான் பிரச்சினை. பல் தேய்க்கும்போது ரத்தம் வரும், உடனே அந்தப் பக்கம் தேய்ப்பதை விட்டுவிடுவார். ஈறில் ரத்தம் வந்தால் அங்கே அழுக்கு தங்கியிருக்கிறது என்று பொருள். அந்த இடத்தைத்தான் இன்னும் கவனமாக, மெதுவாகத் தேய்க்க வேண்டும். பல்லில் படியும் மெல்லிய அழுக்கைப் பிரஷ் எடுத்துவிடும். எடுக்காமல் விட்டால் எச்சிலிலுள்ள கால்சியம் சேர்ந்து, உப்புத் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதுபோல் காரையாக இறுகிவிடும். அப்புறம் எந்தப் பேஸ்டாலும் போகாது, கருவி வைத்துத்தான் எடுக்க வேண்டும். காரைக்கு அடியில் ஈறு விலகி, பல்லைத் தாங்கும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். இதிலும் வலி கிடையாது. பல் ஆடும்போதுதான் தெரியும்.

சர்க்கரைக்கும் ஈறுக்கும் இரண்டு பக்கமும் தொடர்பு உண்டு. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால் ஈறு வேகமாகக் கெடும். ஈறில் சீழ் இருந்தால் சர்க்கரையும் அடங்காது. அதனால் வீட்டில் சர்க்கரை உள்ளவர் இருந்தால் கண்ணையும் காலையும் பரிசோதிப்பதைப்போல ஈறையும் பரிசோதிக்க வேண்டும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் எச்பிஏ1சி ரிப்போர்ட்டைப் பல் டாக்டரிடமும் காட்டுங்கள்.

கிளீனிங்குக்கு அத்தையைச் சம்மதிக்க வைப்பதே பெரும்பாடாகிவிட்டது. "தேச்சு விட்டா பல்லு ஆடும்மா, எங்க அக்காவுக்கு அப்படித்தான் ஆச்சு" என்பார். டாக்டரம்மா கண்ணாடியை அவர் கையிலேயே கொடுத்து, கீழ் முன்பற்களின் உள்பக்கத்தில் பாலம் கட்டியதுபோல் ஒட்டியிருந்த மஞ்சள் காரையைக் காட்டினார். "அம்மா, இந்தப் பல்லு ஏற்கெனவே ஆடுது. இந்தக் காரைதான் இப்போ பிடிச்சு வெச்சிருக்கு. ஆனா இதை விட்டா எலும்பு இன்னும் கரையும்" என்றார். கிளீனிங்கினால் எனாமல் தேயாது, இடைவெளி புதிதாக உண்டாகாது. காரை அடைத்திருந்த இடைவெளிதான் தெரிகிறது. ஒரு வாரம் பத்து நாள் கூச்சம் இருக்கும், போய்விடும். அத்தைக்கு ஈறின் ஆழத்தை மெல்லிய அளவுகோல் வைத்து மில்லிமீட்டரில் அளந்தார்கள். மூன்று வரை இருந்தால் நல்லது என்றார். அவருக்குச் சில இடங்களில் அதைப்போல இருமடங்கு இறங்கியது. அந்த இடங்களில் மரத்துப்போக ஊசி போட்டு ஈறுக்கு உள்ளேயும் சுத்தம் செய்தார்கள். ஓரளவு ஆட்டமுள்ள பற்கள் அதிலேயே பிடித்துக்கொண்டன.

முதலில் நாங்கள் போன வேறொரு இடத்தில், மீதியிருந்த பற்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, எலும்பில் திருகு பதித்து அதன்மேல் செயற்கைப் பல் கட்டும் இம்ப்ளான்ட் வைத்துவிடலாம் என்றார்கள். பரிசோதனை நாற்காலியிலிருந்து அத்தை இறங்குவதற்குள் தொகையும் சொல்லிவிட்டார்கள். பெரிய வைத்தியம் எதற்கும் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். எக்ஸ்ரே உங்களுடையது, பிரதி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இம்ப்ளான்ட் நல்ல வைத்தியம்தான். டைட்டானியம் திருகு தாடை எலும்போடு ஒட்டிக்கொள்ளும் என்பதை வைத்து 1965இல் சுவீடனில் பிரோனெமார்க் என்ற மருத்துவர் முதல் நோயாளிக்குச் செய்தார்; இன்று உலகமெங்கும் செய்கிறார்கள். ஆனால் எலும்பு போதிய அளவு இருக்க வேண்டும், அது ஒட்டுவதற்கு மூன்று முதல் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும் சிகரெட் பிடிப்பவர்களுக்கும் தோல்வி அதிகம். ஈறு நோயைச் சரிசெய்யாமல் வைத்தால் அதே நோய் இம்ப்ளான்டைச் சுற்றியும் வரும்.

அத்தைக்கு எடுக்க வேண்டியவை மேல் தாடையில் சில. அங்கே வந்தது பழைய பயம்: "மேல் பல்லைப் புடுங்கினா கண்ணு போயிடும்." பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. வயதானவர்களுக்குப் பல் விழும் வயதும் கண்புரை வரும் வயதும் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். மேல் பல்லில் சீழை வைத்துக்கொண்டிருப்பதுதான் ஆபத்து. வீக்கம் கண்ணுக்குக் கீழேவரை ஏறும்.

சர்க்கரை உள்ளவர்கள் பல் எடுக்கப் போகும்போது வெறும் வயிற்றோடு போகக்கூடாது. காலைப் பலகாரம் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரை போட்டு, காலை நேரத்திலேயே போவது நல்லது. போட்டுக்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இரண்டு மருந்துகளை மறக்காமல் சொல்ல வேண்டும். ஒன்று, ரத்தம் உறையாமலிருக்க இதய நோயாளிகள் போடும் மாத்திரை. அதை நாமாக நிறுத்தக்கூடாது. ஸ்டென்ட் வைத்தவர் திடீரென்று நிறுத்தினால் பல்லைவிடப் பெரிய ஆபத்து. பல் டாக்டரும் இதய டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். மற்றொன்று, எலும்புத் தேய்மானத்துக்கு வருடம் ஒருமுறை போடும் ஜோலெட்ரோனிக் ஊசி போன்றவை. அவற்றைப் போட்டவர்களில் சிலருக்குப் பல் எடுத்த இடம் ஆறாமல் தாடை எலும்பு அழுகக்கூடும். வருடம் ஒருமுறை போடுவதால் பலர் அதை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பல் வேலை இருந்தால் அந்த ஊசியைத் தொடங்கும் முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

பல்லை எடுத்த பிறகு பஞ்சை வைத்து அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் அழுத்திக் கடிக்கச் சொல்வார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். எச்சிலைத் துப்பாமல் விழுங்குங்கள். எச்சிலில் ஒரு சொட்டு ரத்தம் கலந்தாலே வாய் நிறைய ரத்தம்போல் தெரியும். துப்பத் துப்ப நிற்காது. குழியில் உறையும் ரத்தக்கட்டிதான் புண்ணுக்கு மூடி. அன்று முழுவதும் வாய் கொப்பளிப்பது, ஸ்ட்ராவில் உறிஞ்சுவது, பீடி சிகரெட் எல்லாம் அந்தக் கட்டியைப் பெயர்த்துவிடும். பெயர்ந்தால் இரண்டு மூன்று நாள் கழித்துக் காதுவரை இழுக்கும் வலி வரும். அப்போது டாக்டரிடம் போனால் மருந்து வைத்துவிடுவார். ஒருநாள் கழித்து, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு மெதுவாகக் கொப்பளிக்கலாம். முதல்நாள் தயிர்சாதம், ஆறிய கஞ்சி, ஐஸ்கிரீம் கூடச் சாப்பிடலாம்.

புண் ஆறியபின் அத்தைக்குக் கழற்றி மாட்டும் பல் செட் வைத்தோம். புதுச் செட்டோடு முதல்நாளே சப்பாத்தி சாப்பிட முடியாது என்பதை வீட்டில் எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும். குழைந்த சாதத்தில் ஆரம்பித்து, சின்னச் சின்னத் துண்டாக, இரண்டு பக்கமும் சமமாக மென்று பழக வேண்டும். பேச்சு குழறும்; அத்தை தினமும் செய்தித்தாளைச் சத்தமாகப் படித்தே சரிசெய்துகொண்டார். எங்காவது குத்தினால் வீட்டில் பிளேடு வைத்துச் சுரண்டாதீர்கள், டாக்டர் இரண்டு நிமிடத்தில் தேய்த்துக் கொடுப்பார். ராத்திரி கட்டாயம் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். ஈறுக்கு ஓய்வு வேண்டும், செட்டும் காய்ந்து வளையக்கூடாது. பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும். பாத்திரம் கழுவும் சோப்பும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். கீழே தண்ணீர் நிரப்பிய பேசினை வைத்துக்கொண்டு கழுவினால், கைதவறி விழுந்தாலும் உடையாது. பல் போன இடத்தில் எலும்பு சுருங்கிக்கொண்டே போகும் என்பதால் சில வருடத்தில் செட் தளரும். பவுடர் போட்டு ஒட்டிக்கொண்டே காலம் தள்ளாமல், உள்பக்கத்தைப் புதுப்பிக்கச் சொல்லலாம்.

மகள் விஷயத்தில் எல்லாப் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆறு வயதில் பால்பற்களுக்கெல்லாம் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமலே முளைப்பதால், அதுவும் பால்பல்தான், விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். அது நிரந்தரப் பல். போனால் மறுபடி முளைக்காது. அதன் மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருப்பதால் முதலில் சொத்தையாவதும் அதுதான். மகளுக்குக் கோடாகத் தெரிந்தபோதே போனதால் சின்ன அடைப்போடு முடிந்தது; வாயின் மற்ற மூன்று மூலையிலும் முளைத்திருந்த இதே பல்லுக்குப் பள்ளங்களை மூடும் சீலன்ட் பூசினார்கள். ஊசி கிடையாது, துளையிடுவது கிடையாது, வலி கிடையாது.

ஃப்ளூரைடு உள்ள பேஸ்டே போடுங்கள், டியூபில் 1000 பிபிஎம் என்று போட்டிருக்கும். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயதுவரை பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்கும் பிதுக்குவதைப் பார்த்துச் செய்யாதீர்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரிலேயே ஃப்ளூரைடு அதிகமாகிப் பல் பழுப்பேறிய பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். அதற்காகத்தான் 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அந்த மாதிரி ஊர்களில் இருப்பவர்கள் குழந்தைக்கு எந்தப் பேஸ்ட் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஏழெட்டு வயதுவரை ராத்திரிப் பல்லைப் பெற்றோரே தேய்த்துவிட வேண்டும். பால் பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்க வைத்தால் முன்பற்கள் மொத்தமாக அரித்துவிடும்.

விளையாடும்போது நிரந்தரப் பல் வேரோடு விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல், வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள். தேய்த்துக் கழுவாதீர்கள். முடிந்தால் அதே குழியில் வைத்துத் துணியைக் கடிக்கச் சொல்லுங்கள், முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போட்டுக்கொண்டு ஓடுங்கள். அரை மணி நேரத்துக்குள் போனால் பல் மறுபடி பிடித்துக்கொள்ள நல்ல வாய்ப்பு உண்டு. பால்பல் என்றால் திரும்ப வைக்கக்கூடாது.

தினசரிப் பராமரிப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது ராத்திரித் தேய்ப்பு. தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைவதால், அமிலத்தைக் கழுவிவிட ஆளில்லை. தேய்த்தபின் நுரையைத் துப்பினால் போதும்; கடகடவென்று கொப்பளித்தால் ஃப்ளூரைடும் போய்விடும். இனிப்பில் எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் கணக்கு. சாப்பாட்டோடு ஒரு ஜாங்கிரி தின்பதைவிட, நாள் முழுக்க மணிக்கொரு சர்க்கரை டீ பல்லுக்குக் கெடுதல். கடையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

செலவுக்குப் பயந்து யாரும் தள்ளிப்போட வேண்டாம். மாவட்ட அரசு ஆஸ்பத்திரிகளில் பல் பிரிவு உண்டு. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953இலிருந்து இருக்கிறது; சிதம்பரத்தில் முன்பு ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி என்றிருந்த அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது; எங்களுக்குப் பக்கமான புதுக்கோட்டையில் 2023இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி தொடங்கினார்கள். கல்லூரிகளில் மாணவர்கள் செய்தாலும் ஒவ்வொரு கட்டத்தையும் பேராசிரியர் வந்து பார்த்த பிறகுதான் அடுத்ததற்குப் போவார்கள். நேரம் அதிகமாகும், பல தடவை போக வேண்டியிருக்கும். அதற்குத் தயாராகக் காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும். தனியார் கிளினிக்குக்குப் போனால் டாக்டர் தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள், பதிவெண் பலகையில் இருக்கும். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் உட்கார்ந்து ஒரே நாளில் பல் கட்டித் தருகிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள். அவர்கள் ஆடுகிற பல்லோடு சேர்த்து ஒட்டிவிடும் பல்லுக்கு அடியில் ஈறு அழுகிக்கொண்டிருக்கும்.

டாக்டரிடம் போகும் நாளில் வாய் முழுவதையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வாரமாக ஆறாத புண், தேய்த்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரம் பட்டால் எரிச்சல், மூன்று விரல் நுழையாத அளவுக்கு வாய் குறுகுவது என்று எதுவும் இருந்தால் பல்லைவிட அதைத்தான் முதலில் காட்ட வேண்டும். புகையிலையும் பாக்கும் போடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். வாய்ப் புற்றுநோயின் தொடக்கமாக இருக்கக்கூடிய அந்தப் புண்ணுக்கும் திட்டுக்கும்கூட ஆரம்பத்தில் வலி இருக்காது.